பத்திரிகை, அறிவியல், பெண்கள் விளையாட்டு: மூன்றையும் ஒரே தொழிலாகச் செய்ய முடியுமா?

சேலத்தில் இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடி மாவட்டப் போட்டி வரை போனவள். கல்லூரிக்கு வந்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. "எனக்கு எழுதப் பிடிக்கும், அறிவியலும் பிடிக்கும். என்கூட ஆடின பொண்ணுங்க ஒவ்வொருத்தரா எப்படிக் காணாமப் போனாங்கன்னு யாராவது எழுதணும்னு இருக்கு. ரிப்போர்ட்டர் ஆகறதா, அறிவியல் எழுதறதா, பெண்கள் விளையாட்டுக்காகப் பேசறதா? மூணும் சேர்ந்த வேலைன்னு ஒண்ணு இருக்கா அக்கா? அதை வெச்சுப் பிழைக்க முடியுமா? சென்னைக்குப் போயே ஆகணுமா?" இவ்வளவுதான் கேள்வி.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நானும் நீ என்றே எழுதுகிறேன்.

அப்படி ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பெயரில் யாரும் விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். மூன்று வேலை என்று நீ பிரித்துப் பார்க்கிறாய். என் அனுபவத்தில் அது ஒரே வேலை. பெண்களின் உடம்பைப் பற்றி மைதானத்திலும் வீட்டிலும் செய்தித்தாளிலும் சொல்லப்படுவதை எடுத்து, அது உண்மையா என்று பார்த்து, உண்மையை ஊருக்குப் புரிகிற தமிழில் எழுதி, அதனால் ஏதாவது மாற வேண்டியிருந்தால் மாறும்வரை விடாமல் கேட்பது. இதில் ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் தப்பாகப் போகும். எப்படி என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாகத் தடகளப் போட்டிகள் வைத்தார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி 800 மீட்டர் இறுதி ஓட்டம். ஒன்பது பேர் ஓடினார்கள், ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் முதலாவதாக வந்தார். முதல் மூவருமே அதுவரை இருந்த உலக சாதனையைவிட வேகமாக ஓடியிருந்தார்கள். செய்தி எப்படி வந்தது தெரியுமா? பதினொரு பெண்கள் ஓடினார்கள், ஐந்து பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள், மற்றவர்கள் முடித்ததும் சரிந்து விழுந்தார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. ஓடியவர்களின் எண்ணிக்கையைக்கூட சரியாக எண்ணவில்லை. முழு மூச்சாக 800 மீட்டர் ஓடிய யாரும் முடித்ததும் புல்லில் படுப்பார்கள், ஆண்களும் படுப்பார்கள். பெண் படுத்ததும் அது நோயாகிவிட்டது. பெண்ணின் உடம்பு இதைத் தாங்காது என்று மருத்துவத்தின் பெயரிலும் பேசினார்கள். அடுத்த ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டரே இல்லை. திரும்ப வந்தது 1960இல், ரோமில். நடுவில் 32 வருடம். ஒரு தலைமுறைப் பெண்கள் அந்தத் தூரத்தை ஒலிம்பிக்கில் ஓடாமலே வயதாகிப் போனார்கள்.

அந்த ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவர் ஜப்பானின் ஹிதோமி கினுஎ. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஜப்பானியப் பெண். 100 மீட்டரில் தோற்று, அதுவரை பெரிதாகப் பழகியிராத 800இல் இறங்கி வெள்ளி வாங்கினார். அவருடைய வேலை என்ன என்று பார்: ஒசாகா மைனிச்சி நாளிதழில் பத்திரிகையாளர். ஓடவும் செய்தார், எழுதவும் செய்தார், 1930இல் பிராக் நகரில் நடந்த பெண்கள் உலகப் போட்டிக்கு ஜப்பானியப் பெண்களின் அணியோடு போகவும் செய்தார். 1931இல் 24 வயதில் நிமோனியாவில் இறந்துபோனார். நீ கேட்கிற தொழில் புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொருவர் கேத்ரின் சுவிட்சர். 1967இல் அமெரிக்காவில் பத்திரிகைப் படிப்பு மாணவியாக இருந்தபோது 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு பாஸ்டன் மாரத்தான் ஓடியவர். போட்டி அதிகாரி ஒருவர் ஓட்டத்தின் நடுவே அவரைப் பிடித்து இழுக்கும் புகைப்படம் உலகம் முழுக்கத் தெரியும். எனக்கு அந்தப் படத்தைவிட அவர் அதற்குப் பிறகு செய்த வேலை முக்கியமாகப் படுகிறது. பல நாடுகளில் பெண்களுக்கான ஓட்டங்களை நடத்தினார், தொலைக்காட்சியில் வர்ணனை செய்தார், ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வேண்டும் என்று வருடக் கணக்கில் வாதாடினார். அதே காலத்தில் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற பெயருள்ள நிபுணர் சங்கம், பயிற்சி பெற்ற ஆரோக்கியமான பெண்ணுக்கு நெடுந்தூர ஓட்டம் கெடுதல் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்கள் மாரத்தான் வந்தது. வாதாடுகிறவர் மட்டும் இருந்து ஆதாரம் இல்லாமல் இருந்திருந்தால் அது வெறும் ஆசையாக நின்றிருக்கும். ஆதாரம் மட்டும் இருந்திருந்தால் அது ஏதோ ஒரு மருத்துவ இதழுக்குள் கிடந்திருக்கும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலை நான் கற்றுக்கொண்டதே அதிலிருந்துதான்.

நிருபராகச் சேர்ந்த புதிதில் காந்தி ஸ்டேடியத்தில் நடந்த ஒரு மாவட்டப் போட்டிக்குப் போனேன். ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்துப் பெண், பதினாறு வயது, 1500 மீட்டரில் முதலாவதாக வந்தாள். காலில் கடன் வாங்கிய ஷூ. மலையாளிப் பழங்குடிக் குடும்பம், அப்பா அம்மா இருவருக்கும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. நான் அன்று இரவே எழுதிக் கொடுத்த செய்தியின் சாரம் இது: சேர்வராயன் மலைக் காற்றில் வளர்ந்ததால் அவளுக்கு இயற்கையிலேயே நுரையீரல் பலம், கென்யா வீரர்களைப் போல மலையே அவளுக்குப் பயிற்சியாளர். படித்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து அவள் ஓடுவதை நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டு மலைக்குப் போனேன். "மேடு ஏறினா கண்ணு இருட்டிக்கிட்டு வருதுக்கா. டீச்சர்கிட்ட சொன்னா, நீ மலைப் பொண்ணு, உனக்கென்னன்னு சொல்றாங்க" என்றாள். அந்த வார்த்தை என் செய்தியிலிருந்து போனதாகக்கூட இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பத்துக்கும் கீழே. அந்த வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தால் ரத்தசோகை.

நான் எழுதியதில் எத்தனை பிழை என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை, சேலத்திலும் ஏற்காட்டிலும் அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் குறைகிறது, கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அழுத்தம் குறைந்தால் ரத்தத்துக்குள் ஆக்சிஜன் ஏறுவது குறையும், சிறுநீரகம் அதை உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும், எலும்பு மஜ்ஜை அதிகச் சிவப்பணுக்களை உண்டாக்கும். மலைப் பயிற்சியின் பலன் என்று சொல்வதன் அடிப்படை இது. இந்தப் பலனுக்காக வீரர்கள் தேடிப் போகும் இடங்கள் பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. கென்யாவின் இட்டென் சுமார் 2,400 மீட்டர். நம் மலை அந்த எல்லைக்குக் கீழே நிற்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், சிவப்பணு செய்ய இரும்புச்சத்து வேண்டும். இரும்பு இல்லாத உடம்பை எந்த மலையில் கொண்டுபோய் வைத்தாலும் ரத்தம் ஊறாது. அவளுக்கு மலை உதவி செய்யவே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே வாழ்ந்துகொண்டு, பள்ளிக்கும் தண்ணீருக்கும் மேடு ஏறி இறங்கிக்கொண்டு, குறைந்த ரத்தத்தில் அவள் ஓடி ஜெயித்தாள். செய்தி அங்கேதான் இருந்தது. நான் காற்றைப் பாராட்டிவிட்டு வந்திருந்தேன்.

இரண்டாம் முறை எழுதும்போது அவள் பெயர், ஊர் இரண்டையும் விட்டுவிட்டேன். ரத்தப் பரிசோதனை முடிவு அவளுடையது, என்னுடையது இல்லை. ரத்தசோகையைப் பற்றி எழுதினேன். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரு பெண்கள் அணியைக் கண்முன் நிறுத்திப் பார், பாதிப் பேர். பயிற்சியாளர்கள் இவர்களைப் பார்த்துத்தான் சோம்பேறி, ஸ்டாமினா இல்லை, மனசு வைக்கவில்லை என்கிறார்கள். கடின ஓட்டத்துக்குப் பிறகு சில மணி நேரம் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. மாதவிடாயில் இரும்பு போகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் காப்பி, டீ இரண்டுமே தாவர உணவிலுள்ள இரும்பு சேர்வதைத் தடுக்கும், அதில் டீ இன்னும் அதிகமாக. மலையில் காலையில் களியோடு ஒரு டம்ளர் வரக்காப்பி குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். காப்பியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள் என்று எழுதுவதற்குப் பெரிய அறிவியல் நடை தேவையில்லை. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரை எதற்கு, அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பது ஏன், அதற்குப் பயந்து ஜன்னலுக்கு வெளியே எறிய வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தேன். ரத்தசோகை இருப்பவருக்கு வாரம் ஒரு மாத்திரை போதாது, மருத்துவர் பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும் என்பதையும்.

அந்தக் கட்டுரைக்குப் பாராட்டு வரவில்லை. ஒரு உடற்கல்வி ஆசிரியை மட்டும் போன் செய்து, எங்க பிள்ளைங்க எல்லாருக்கும் ரத்தம் பார்க்க யாரைக் கேக்கணும் என்றார். அந்தப் போனுக்காகத்தான் இன்று வரை இந்த வேலையில் இருக்கிறேன்.

மைதானத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் வகுப்பில் சொல்லித் தர மாட்டார்கள். ஏப்ரல் மாதம் சேலத்தில் காலை ஏழரைக்கே வெயில் சுடும். அந்த வெயிலில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் பயிற்சி செய்வதை நீ பார்த்திருப்பாய், நீயே அப்படிச் செய்திருப்பாய். காரணம் கேட்டால் தாகமில்லை என்பார்கள். உண்மைக் காரணம், கழிப்பறை பூட்டிக் கிடக்கும், அல்லது தாழ்ப்பாள் இருக்காது. கழிப்பறைக்கும் ஓட்ட நேரத்துக்கும் இடையே உள்ள தொடர்பை எழுதுவதற்கு உடலியலும் தெரிய வேண்டும், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கவும் தெரிய வேண்டும்.

மாதவிடாய் விஷயமும் அப்படித்தான். "வீட்டுக்குத் தூரம்" என்று பி.டி. மாஸ்டரிடம் சொல்ல முடியாமல் தலைவலி என்று சொல்லி ஒதுங்கும் பெண்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அதைவிட ஆபத்தான ஒன்றைப் பற்றிப் பேச்சே இல்லை: கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோவது. தொந்தரவு விட்டது என்று வீட்டிலும் மைதானத்திலும் நிம்மதி அடைகிறார்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்திவைக்கும் வேலைகளில் அதுவும் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு மெலிகிறது, கெண்டைக்கால் எலும்பிலும் பாத எலும்பிலும் மயிரிழை விரிசல் விழுகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த முழுத் தொகுப்பையும் விளையாட்டில் வரும் ஒப்பீட்டுச் சக்திக் குறைபாடு என்று பெயரிட்டு வரையறுத்தது, ஆண்களுக்கும் வரும் என்றும் சொன்னது. இதைப் பற்றித் தமிழில் கிராமத்துப் பயிற்சியாளர் கையில் கொடுக்கும்படி எழுதியவை மிகக் குறைவு. நீ இயற்பியல் படித்தவள். சக்தி வரவு, சக்திச் செலவு என்று ஒரு பக்கத்தில் உன்னால் விளக்கிவிட முடியும்.

ஆய்வுக் கட்டுரையைப் படிப்பது எப்படி என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், இதில் நிதானம் வேண்டும். பெண்களுக்கு முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று கேள்விப்பட்டிருப்பாய். குதித்து இறங்குவதும் சட்டென்று திரும்புவதும் உள்ள ஆட்டங்களில் அது உண்மை. கபடியில் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். இதைத் தடுக்க கால்பந்தில் 11 பிளஸ் என்று இருபது நிமிட வார்ம் அப் ஒன்று உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,892 பெண்களை வைத்துச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அதைப் பற்றி "காயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது" என்று நீ தலைப்பு வைக்கலாம். பொய் இல்லை. மொத்தக் காயங்கள் அந்த அளவுக்குக் குறைந்தன, கடுமையான காயங்கள் இன்னும் அதிகமாகக் குறைந்தன. ஆனால் ஆய்வாளர்கள் ஆரம்பத்தில் அளக்கப் போவதாகச் சொன்ன முதன்மையான கேள்வி இடுப்புக்குக் கீழான காயங்கள் குறைகின்றனவா என்பது. அதில் குறைவு தெரிந்தது, ஆனால் தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. இதையும் ஆய்வாளர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நீயும் எழுத வேண்டும். எழுதிவிட்டு, இதற்குச் செலவில்லை, கருவி வேண்டாம், கடுமையான காயங்கள் குறைந்திருக்கின்றன, ஆகவே நம் பள்ளிகளில் பழக்கலாம் என்று வாதாடு. அந்த வாதத்தை யாராலும் ஆட்ட முடியாது. பலவீனமான இடத்தை மறைத்துவிட்டு வாதாடினால், அதைக் கண்டுபிடிக்கும் முதல் ஆள் உன் மற்ற கட்டுரைகளையும் சேர்த்துத் தூக்கி எறிவான்.

எண்களில் ஏமாறாமல் இருப்பது பணம் சம்பந்தப்பட்ட செய்திக்கும் பொருந்தும். 2022 அக்டோபரில் கிரிக்கெட்டில் பெண்களுக்குச் சம ஊதியம் என்று தலைப்புகள் வந்தன. சமமானது போட்டிக் கட்டணம்: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். வருட ஒப்பந்தத்தில் அப்போது ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி, பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். போட்டிக் கட்டணம் சமமானது பெரிய முன்னேற்றம், நான் மகிழ்ந்தேன். சம ஊதியம் என்ற சொல் மட்டும் பொருந்தவில்லை. 2025 நவம்பரில் நவி மும்பையில் நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற இரவில் எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். அந்த மகிழ்ச்சியில் எத்தனை பேருக்கு, 2013 உலகக் கோப்பையிலேயே சதம் அடித்து, அப்படி அடித்த முதல் இந்தியப் பெண் ஆன திருஷ் காமினி தமிழ்நாட்டுக்காரர் என்று தெரியும்? சேலத்தில் யாரைக் கேட்டாலும் கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜனையும் பாராலிம்பிக் வீரர் பெரியவடகம்பட்டி மாரியப்பனையும் சொல்வார்கள், சொல்ல வேண்டும், இருவரும் நம் மாவட்டத்தின் பெருமை. அதே மூச்சில் நம் மாவட்டத்துப் பெண் ஒருத்தியின் பெயரைக் கேட்டுப் பார். வரும் மௌனத்தில்தான் உனக்கு வேலை இருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் நான் கடுமையாகச் சொல்வேன். சாந்தி சௌந்தரராஜனை உனக்குத் தெரிந்திருக்கும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பிறகு பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கை, அவருக்கு முறையாக விளக்கிச் சொல்ல வேண்டிய ஒன்று, நாடு முழுவதும் தலைப்புச் செய்தியாக ஓடியது. குரோமோசோம், ஹார்மோன், உடல் வளர்ச்சி இவை மூன்றும் எல்லா உடலிலும் ஒரே திசையில் போவதில்லை என்ற அறிவியலை அன்று யாரும் நிதானமாக எழுதவில்லை. அதற்குப் பிறகு விதிகள் எத்தனை தடவை மாறின என்று பார்: 2011இல் டெஸ்டோஸ்டிரோன் வரம்பு, 2015இல் இந்திய ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் தொடுத்த வழக்கில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, 2018இல் சில ஓட்டங்களுக்குப் புது வரம்பு, 2023இல் எல்லாப் போட்டிகளுக்கும் இன்னும் குறைந்த வரம்பு, 2025இல் மரபணுப் பரிசோதனை. இத்தனை மாறிய ஒன்றைப் பற்றி 2006இல் நம் ஊடகங்கள் காட்டிய உறுதி எங்கிருந்து வந்தது? 800 மீட்டர், மறுபடியும் 800 மீட்டர். 1928இல் நடந்ததைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கத்தக்குறிச்சிதான்.

அதனால், உடம்பைப் பற்றிய எதையும் அந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் எழுதாதே. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவள் என்றால் பெற்றோரிடமும் கேள், அவளிடம் தனியாகவும் கேள். பாலியல் தொல்லை பற்றிய புகார் என்றால் போக்சோ சட்டப்படி குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. பெயரை விட்டுவிட்டுப் பள்ளியையும் விளையாட்டையும் ஊரையும் எழுதினால் அதுவும் அடையாளம்தான், சின்ன ஊரில் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செய்தியாளர் எப்படி ஒரு பக்கம் நின்று வாதாடலாம் என்று உன்னிடம் கேட்பார்கள். கேட்பது நியாயம். நான் வகுத்துக்கொண்டது இப்படி. ஒரு வீராங்கனைக்காகவோ ஒரு சங்கத்துக்காகவோ நான் வாதாட மாட்டேன், அணியில் யாரைச் சேர்க்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, உடை மாற்ற அறை, பெண் பயிற்சியாளர், வருடம் இருமுறை ரத்தப் பரிசோதனை, ஆண்கள் போட்டிக்கு ஒதுக்கும் அதே நேரம் அதே மைதானம், இவற்றுக்காக வெளிப்படையாக வாதாடுவேன். எந்த அமைப்பிடமாவது ஒரு ரூபாய் வாங்கினால் அந்த அமைப்பைப் பற்றிச் செய்தி எழுத மாட்டேன், வாங்கியதை மறைக்கவும் மாட்டேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆவேசமான பத்துப் பேச்சைவிட அந்தப் பதில் தாள் ஒன்று எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

பிழைப்புக்கு வருகிறேன். முதல் சில வருடம் இந்த மூன்றும் சேர்ந்த வேலை உனக்கு முழுச் சம்பளம் தராது. ஒரு அடித்தளச் சம்பளம் வேண்டும். நாளிதழ் அல்லது தொலைக்காட்சியில் நிருபர், உதவி ஆசிரியர் வேலை நல்ல அடித்தளம், ஏனென்றால் நேரத்துக்குள் எழுதுவதையும் போலீஸ் ஸ்டேஷனிலும் கலெக்டர் ஆபீஸிலும் கேள்வி கேட்பதையும் வேறெங்கும் கற்க முடியாது. மருத்துவ, அறிவியல் விஷயங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்யும் வேலை, கல்வி நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் பாடப்பொருள் எழுதுவது, காணொளிக்கு ஸ்கிரிப்ட், இவையும் கை கொடுக்கும். நான் எட்டு வருடம் பகலில் மேசை வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மைதானத்துக்குப் போனேன். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது இந்த வேலையை விளக்குவது கடினம், அதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று புரிந்தது, அவர் தானே காப்பியைச் சாப்பாட்டிலிருந்து தள்ளிவைத்த நாளில்தான்.

படிப்பு என்றால், பெரியார் பல்கலைக்கழகத்திலேயே இதழியல் துறை இருக்கிறது, கருப்பூர் வரைக்கும் பஸ் பிடித்தால் போதும். சென்னைக்குப் போனால் தொடர்புகள் கூடும், உண்மைதான். முதலிலேயே போக வேண்டும் என்பதில்லை. தேசியப் போட்டி என்றால் எல்லாரும் எழுத வருவார்கள். வாழப்பாடியிலோ ஓமலூரிலோ நடக்கும் ஒரு வட்டார அளவுப் பெண்கள் கபடிக்கு வருகிற ஒரே நிருபர் நீயாகத்தான் இருப்பாய். எது படித்தாலும் சேர்த்து இரண்டைக் கற்றுக்கொள்: அடிப்படைப் புள்ளியியல், மனித உடலியல். புள்ளியியல் உனக்குச் சுலபம். உடலியலுக்கு, மருத்துவக் கல்லூரியில் பிசியோதெரபி படிக்கும் ஒரு தோழி இருந்தால் அவள் பாடப்புத்தகத்தைக் கடன் வாங்கு.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லை என்று நினைக்காதே. 1987இலிருந்து துளிர் என்ற சிறுவர் அறிவியல் மாத இதழ் வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டினார்கள். அறிவைப் பரப்புவதும் பெண்ணின் உடம்பை நடமாட விடுவதும் ஒரே இயக்கத்தில் நடந்த ஊர் நம்முடையது.

உன் முதல் கட்டுரைக்குப் பொருள் நீயே கேள்வியில் எழுதிவிட்டாய். உன்னோடு ஆடியவர்கள் எல்லாரும் எங்கே? ஒவ்வொருத்தியையும் தேடிப் போ. எப்போது நிறுத்தினாள், அந்த மாதம் என்ன நடந்தது, முழங்காலா, மயக்கமா, பஸ் நேரமா, கல்யாணமா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேள். அவள் சொன்னதை அப்படியே எழுதி வை, உன் காரணத்தை அவள் வாயில் போடாதே. முழங்கால் என்று சொன்னால் எந்த டாக்டரிடம் போனாள், ஸ்கேன் எடுத்தாளா, எத்தனை நாளில் மறுபடி ஆடச் சொன்னார்கள் என்பதையும் கேள். பெயரைப் போடலாமா என்று பேச ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, எழுதி முடித்துப் படித்துக் காட்டிய பிறகு ஒரு தடவை கேள். எல்லாரையும் பார்க்க உனக்கு இரண்டு மாதம் ஆகும். தீபாவளி விடுமுறைக்கு ஊருக்கு வரும் பெண்களைப் பிடிக்கலாம், கல்யாணமாகிப் போனவர்களும் அப்போது அம்மா வீட்டில் இருப்பார்கள்.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. சிவப்பு மையில் திருத்தித்தான் அனுப்புவேன்.